விலைபோன நிறுவனமும் விலைபோகாத உரிமையும்

வணிக உலகிலே ஒரு நிறுவனத்தை மற்றொரு நிறுவனம் விலைக்கு வாங்குவது புதுமையன்று. தேயிலைத் தோட்டம் கைமாறுகின்றது, நெசவாலை கைமாறுகின்றது, கப்பற் கம்பனி கைமாறுகின்றது. அங்கெல்லாம் வாங்கியவர் எதை வாங்கினார் என்பதில் எவருக்கும் ஐயம் எழுவதில்லை. தோட்டத்தை வாங்கியவருக்கு நிலமும் கொழுந்தும் உரியன. ஆலையை வாங்கியவருக்குத் தறியும் துணியும் உரியன. ஆனால், தான் ஆக்கிய பொருளை எவரும் விலையின்றி எடுத்துக்கொள்ளலாம், படி எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்ட ஒரு நிறுவனத்தைப் பெரும்பொருள் கொடுத்து ஒருவர் வாங்குவாராயின், அவர் வாங்கியது யாது? விற்றவர் விற்றது யாது?

இவ்வினா வெறுங் கற்பனையன்று. 2008ஆம் ஆண்டு சனவரி மாதம் 16ஆம் நாள், அமெரிக்கக் கணினி நிறுவனமாகிய சன் மைக்ரோசிஸ்டம்ஸ், சுவீடன் நாட்டிலே தோன்றிய மை எஸ்.கியூ.எல். ஏ.பி. என்னும் நிறுவனத்தை ஏறத்தாழ 100 கோடி டொலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தது. அந்நிறுவனத்தின் பெயர்பெற்ற மென்பொருளோ, ஒரு மாணவன் ஒரு சதமும் கொடாமல் பெற்றுப் பயன்படுத்தக்கூடியதாக இருந்தது. இரண்டாண்டு நிறைவதற்குள் அந்நிறுவனம் சன்னோடு சேர்ந்து மீண்டும் ஒருமுறை கைமாறியது. அவ்வேளையில் எழுந்த வழக்கு, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அரசாங்க அதிகாரிகளையும் சட்ட வல்லுநரையும் மென்பொருள் வல்லுநரையும் இரு கட்சிகளாகப் பிரித்தது. அதன் வரலாறு மென்பொருள் வல்லார்க்கு மட்டும் உரியதன்று. பொதுவுரிமை என்பதன் பொருளை அறிய விரும்புவோர் அனைவருக்கும் உரியது.

முதற்கண், மென்பொருளின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். கணினியை இயக்கும் நிரல் ஒவ்வொன்றும் இரு வடிவம் உடையது. மனிதர் எழுதவும் படிக்கவும் கூடிய வடிவம் மூலநிரல் எனப்படும். இயந்திரம் ஏற்று நடத்தும் வடிவம் மற்றொன்று. வணிகர் பலர் இயந்திர வடிவத்தை மட்டும் விற்று, மூலநிரலை மறைத்து வைப்பர். மருந்தைக் கொடுத்து அதன் கைபாகத்தைச் சொல்லாத பரிகாரியைப் போன்றவர் அவர். திறந்த மூல மென்பொருளை ஆக்குவோர் மருந்தோடு கைபாகத்தையும் கொடுத்துவிடுகின்றனர். பெற்றவர் அதனைப் படித்துப் பார்க்கலாம்; குறை காணின் திருத்தலாம்; திருத்தியதைப் பிறருக்கு வழங்கலாம். அமெரிக்கரான ரிச்சட் ஸ்டால்மன் 1989இல் வெளியிட்ட பொது உரிமம் என்னும் சட்ட ஆவணம் இன்னுமோர் நிபந்தனையை விதித்தது. இவ்வாறு பெற்றுத் திருத்தியதைப் பிறருக்கு வழங்குபவர், தாம் பெற்ற உரிமைகளையே அவர்களுக்கும் கொடுத்தல் வேண்டும் என்பதே அந்நிபந்தனை. தாம் பெற்றதைப் பூட்டி வைத்துப் பிறருக்கு விற்க அவருக்கு இடமில்லை.

மை எஸ்.கியூ.எல். என்பது ஒரு தரவுத்தளம். பாடசாலையிலே மாணவர் இடாப்பு இருக்கின்றது. வைத்தியசாலையிலே நோயாளர் இடாப்பு இருக்கின்றது. வங்கியிலே கணக்கேடு இருக்கின்றது. இத்தகைய ஏடுகள் பல இலக்கம் பக்கங்களாகப் பெருகிய காலத்தும், வேண்டிய ஒரு வரியை நொடிப்பொழுதில் எடுத்துத் தருவதும், இருவர் ஒரே வேளையில் எழுத முற்பட்டாலும் குழப்பம் நேராமற் காப்பதும் தரவுத்தளத்தின் தொழில். இணையத்திலே தோன்றும் பக்கங்களிற் பெரும்பாலானவற்றின் பின்னே இத்தகைய தரவுத்தளம் ஒன்று ஓயாது உழைக்கின்றது. கண்ணுக்குத் தெரியாத அத்திவாரம் போன்றது அது.

இதனை ஆக்கியவருள் முதல்வர் பின்லாந்து நாட்டவரான மைக்கேல் விடேனியஸ். அவரும் டேவிட் அக்ஸ்மார்க், அலன் லார்சன் என்னும் இருவரும் சேர்ந்து 1995ஆம் ஆண்டில் சுவீடனில் இந்நிறுவனத்துக்கு அடிகோலினர். அந்நாளில் வழங்கிய வேறொரு சிறு தரவுத்தளத்தைத் தம் வேலைக்குப் பயன்படுத்த முயன்று, அது போதிய விரைவுடையதன்று எனக் கண்ட பின்னரே அவர்கள் தாமே ஒன்றை ஆக்கத் துணிந்தனர். விடேனியஸின் மூத்த மகளின் பெயர் தமிழெழுத்தில் மை என எழுதத்தக்கது. மகளின் பெயரே மென்பொருளின் பெயரில் முதற் சொல்லாயிற்று. 2000ஆம் ஆண்டில் அது ஸ்டால்மனின் பொது உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. பொருள்வளம் இல்லாத இளைஞர் பலர் இணையத்திலே புதுத்தொழில் தொடங்கிய காலம் அது. விலையின்றிக் கிடைத்ததும் விரைவுடையதுமான இத் தரவுத்தளத்தை அவர்கள் விரும்பி ஏற்றனர். விக்கிப்பீடியா என்னும் கலைக்களஞ்சியமும், முகநூலும் இதன்மேல் எழுப்பப்பட்டவையே.

இலவசமாகக் கொடுப்பவர் எவ்வாறு ஊதியம் பெறுவர் என்று நேயர்கள் வினவலாம். அதற்கு அந்நிறுவனம் கண்ட வழி நுட்பமானது. பயிற்சியும் உதவியும் வழங்கிக் கட்டணம் பெற்றது ஒரு வழி. மற்றொரு வழி இரட்டை உரிமம் எனப்படுவது. பொது உரிமத்தை ஏற்பவர் விலையின்றிப் பெறலாம். ஆனால், தம் மூலநிரலை வெளியிட விரும்பாத ஒரு வணிகர் மை எஸ்.கியூ.எல்.லைத் தம் பொருளோடு இணைத்து விற்க விரும்பின், பொது உரிமம் அவருக்குத் தடையாகும். அத்தகையோர் பணங்கொடுத்துத் தனியுரிமம் பெற்றனர். இங்கே ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. தனியுரிமம் விற்கும் அதிகாரம் பதிப்புரிமை உடையவர் ஒருவருக்கே உரியது. உலகத்தார் அனைவரும் அந்நிரலைப் படியெடுக்கலாம், திருத்தலாம், ஆனால் பொது உரிமத்தின் கட்டிலிருந்து ஒருவரை விடுவிக்கப் பதிப்புரிமை உடையவரையன்றி வேறெவராலும் இயலாது. பொதுவாக வழங்கப்பட்ட பொருளுக்குள்ளே பொதுவல்லாத ஒரு சொத்து இவ்வாறு மறைந்திருந்தது.

இதனைத் தெளிவாக்க யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளை நினைவுகூரலாம். பங்குக் கிணறு உள்ள காணியை ஒருவர் விற்கும்போது, அயலாருக்குரிய கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் அவ்விற்பனையால் அழிவதில்லை. காணிக்காரர் மாறுவர், பங்குகாரர் தண்ணீர் அள்ளுவதைப் புதியவர் தடுத்தல் ஆகாது. பொது உரிமமும் அத்தகையதே. நிறுவனம் எத்தனை கை மாறினும், முன்னர் வெளியிடப்பட்ட மூலநிரலை மக்கள் பயன்படுத்தும் உரிமை மாறாது. ஆயினும் அக்கிணற்றைத் தூர் வாருவார் யார், இடிந்த கட்டைத் திருத்துவார் யார் என்னும் கேள்வியை உறுதி எழுதிய நொத்தாரிசு தீர்த்து வைப்பதில்லை. மென்பொருளும் ஓயாத பராமரிப்பை வேண்டுவது. பிழைகள் வெளிப்படும், கள்வர் நுழையும் வழிகள் கண்டுபிடிக்கப்படும், புதிய இயந்திரங்கள் வரும். திருத்துவாரின்றி விடப்பட்ட நிரல் சில ஆண்டுகளிற் பயனற்றுப் போகும்.

ஆகவே, 2008இல் சன் நிறுவனம் வாங்கியவை எவை என்பதை இப்பொழுது கூறலாம். பதிப்புரிமை ஒன்று, மை எஸ்.கியூ.எல். என்னும் வணிகப் பெயர் ஒன்று. பணங்கொடுத்து உதவி பெற்றுவந்த வாடிக்கையாளர் ஒரு கூட்டம். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்நிரலை எழுதியும் காத்தும் வந்த ஏறத்தாழ 400 பணியாளர். அவர்கள் ஒரே கட்டிடத்தில் இருந்து வேலை செய்தவர்களல்லர். பல நாடுகளிலே தத்தம் வீடுகளிலிருந்தே உழைத்தவர் பலர். 80 கோடி டொலர் காசாகவும், 20 கோடி டொலர் பங்குரிமைகளாகவும் கொடுக்கப்பட்ட விலை இவற்றின் விலையே. மூலநிரலைப் பயன்படுத்தும் பொதுவுரிமை அதில் அடங்கவில்லை, அடங்கவும் இயலாது.

1982இல் நிறுவப்பெற்ற சன், திறந்த மூல மென்பொருளிடத்து நல்லெண்ணம் கொண்ட நிறுவனமாகவே கருதப்பட்டது. ஓப்பின் ஒபிஸ் என்னும் எழுத்துப்பணி மென்பொருளின் மூலநிரலை 2000ஆம் ஆண்டிலேயே உலகுக்குத் திறந்துவிட்டது அதுவே. ஆதலின் முதற் கைமாற்றத்தைப் பெரும்பாலோர் அச்சமின்றி ஏற்றனர். ஆனால், விலைக்கு வாங்கிய மனிதர் விலங்கிட்டு வைக்கப்படுவோரல்லர். அக்ஸ்மார்க் 2008ஆம் ஆண்டிலேயே விலகினார். விடேனியஸ் 2009ஆம் ஆண்டு பெப்ரவரியில் விலகினார். நிறுவனத்தின் தலைமை நிருவாகியாயிருந்த மார்ட்டன் மிக்கோஸும் அவ்வாண்டே விலகினார். விடேனியஸ் வாளாவிருக்கவில்லை. பொது உரிமம் தமக்கும் அளித்த உரிமையைக் கொண்டு, அதே மூலநிரலிலிருந்து ஒரு கிளைப் பதிப்பை ஆக்கத் தொடங்கினார். அதற்குத் தம் இளைய மகளின் பெயரைச் சூட்டினார். அதுவே மரியா டி.பி. தாம் எழுதி, தாம் விற்ற நிரலையே மீண்டும் சட்டப்படி எடுத்து வளர்க்க ஒருவரால் முடிந்தது. நெசவாலையை விற்றவருக்கு இது கைகூடுமா?

2009ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 20ஆம் நாள் நிலைமை மாறியது. பொருளாதார நெருக்கடியால் நலிந்திருந்த சன் நிறுவனத்தை முழுமையாக வாங்கப்போவதாக ஒரக்கிள் நிறுவனம் அறிவித்தது. விலை ஏறத்தாழ 740 கோடி டொலர். 1977இல் லாரி எலிசன் முதலிய மூவரால் தொடங்கப்பட்ட ஒரக்கிள், விலைக்கு விற்கப்படும் தரவுத்தளங்களின் வணிகத்தில் உலகின் முன்னணியில் நின்றது. மேலும், மை எஸ்.கியூ.எல்.லின் உள்ளுறுப்பாக அமைந்து தரவுகளைச் சேமித்துக் காக்கும் இன்னோடிபி என்னும் பகுதியை ஆக்கிய பின்லாந்து நிறுவனத்தை 2005ஆம் ஆண்டிலேயே அது வாங்கியிருந்தது. கட்டணம் வாங்கிப் படகோட்டுபவரின் கைக்கு, இலவசப் பாலமும் வந்து சேர்ந்ததொத்த நிலை ஏற்பட்டது. பாலத்தை அவர் உடைக்க வேண்டியதில்லை. பழுதுபாராது விட்டாலே போதும் என்று பலர் அஞ்சினர்.

ஐக்கிய அமெரிக்காவின் நீதித் திணைக்களம் 2009ஆம் ஆண்டு ஓகஸ்டில் இக் கைமாற்றத்துக்கு இசைவு கொடுத்தது. ஐரோப்பிய ஆணைக்குழு அவ்வாறு இசையவில்லை. போட்டித்துறைக்குப் பொறுப்பாக நீலி குரூஸ் அம்மையார் அப்பொழுது அங்கே பதவி வகித்தார். செப்டெம்பர் 3ஆம் நாள் ஆணைக்குழு விரிவான விசாரணையைத் தொடங்கியது. நவம்பர் 9ஆம் நாள் தன் ஆட்சேபங்களை முறைப்படி எழுதி ஒரக்கிளுக்கு அனுப்பியது. அதே நாளில் அமெரிக்க நீதித் திணைக்களம், இக் கைமாற்றத்தாற் போட்டிக்குத் தீங்கு நேருமெனத் தான் கருதவில்லை என்று வெளிப்படையாக அறிவித்தது. விசாரணை நீண்ட காலமெல்லாம் சன் நிறுவனம் மாதந்தோறும் 10 கோடி டொலர் இழந்து வருகின்றது என்று எலிசன் முறையிட்டார்.

இவ்வழக்கில் யார் எப்பக்கம் நின்றனர் என்பதே சிந்தனைக்கு விருந்தாவது. மென்பொருளை ஆக்கிய விடேனியஸ் விற்பனையை எதிர்த்தார். அந்நிறுவனத்தை நடத்திய மிக்கோஸ் விற்பனையை ஆதரித்து ஆணைக்குழுவுக்கு எழுதினார். பொது உரிமத்தின் தந்தையாகிய ஸ்டால்மன், வேறிரு பொதுநல அமைப்புகளோடு சேர்ந்து எதிர்ப்புக் கடிதத்தில் ஒப்பமிட்டார். ஸ்டால்மனுக்குப் பல்லாண்டு சட்டத்துணையாயிருந்தவரும், அவ்வுரிமத்தின் மூன்றாம் பதிப்பை உருவாக்குவதிற் பங்குகொண்டவருமான பேராசிரியர் எபன் மொக்லனோ, விற்பனையால் கேடில்லை என்று தம் கருத்தை எழுதிக் கொடுத்தார். ஒரே இலட்சியத்துக்காக உழைத்த இருவர், ஒரே ஆவணத்தைப் படித்து, எதிரெதிரான முடிவுக்கு வந்தனர்.

மொக்லன் கட்சியாரின் நியாயம் எளியது. பதிப்புரிமை பகைவர் கையிற் சேர்ந்தாலும் மக்களின் சுதந்திரம் அழியாதிருத்தற்காகவே பொது உரிமம் எழுதப்பட்டது. ஒரக்கிள் அந்நிரலைப் புறக்கணிக்குமாயின், வேறு எவரும் அதனை எடுத்து வளர்க்கலாம். ஆதலின் ஒருவர் நினைத்த மாத்திரத்தில் அதனைக் கொன்றுவிட முடியாது. எதிர்க்கட்சியாரின் நியாயமும் தள்ளத்தக்கதன்று. எடுத்து வளர்க்கலாம் என்பது உண்மையே. ஆயின் வளர்ப்பவர் எதைக்கொண்டு சீவிப்பார்? தனியுரிமம் விற்றுப் பெற்ற வருவாயே பணியாளர் பலரைக் காத்தது. அவ்வருவாய்க்குரிய பதிப்புரிமை ஒரக்கிளிடம் போய்விடும். கிளைப் பதிப்பை ஆக்குவோர் அதனை விற்க இயலாது. பழைய பெயரையும் சூட்டிக்கொள்ள இயலாது. கையேடுங்கூடப் பொது உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டதன்று. கிணற்றில் அள்ளும் உரிமை எஞ்சியிருப்பினும், தூர் வாருதற்குரிய பொருள் போய்விடும் என்பதே அவர்களின் அச்சம்.

2009ஆம் ஆண்டு திசெம்பர் 14ஆம் நாள் ஒரக்கிள் பத்து வாக்குறுதிகளைப் பகிரங்கமாக வெளியிட்டது. வருங்காலப் பதிப்புகளையும் பொது உரிமத்தின்கீழ் வெளியிடுவதாகவும், பிறர் ஆக்கிய சேமிப்புப் பகுதிகள் இணைதற்குரிய வாயில்களை மூடாதிருப்பதாகவும், உதவிக் கட்டணம் செலுத்துமாறு எவரையும் வற்புறுத்தாதிருப்பதாகவும், ஆராய்ச்சிச் செலவைக் குறைக்காது கூட்டுவதாகவும் அவ்வாக்குறுதிகள் கூறின. அவற்றின் காலவெல்லை ஐந்தாண்டு. 2010ஆம் ஆண்டு சனவரி 21ஆம் நாள் ஐரோப்பிய ஆணைக்குழு கைமாற்றத்துக்கு இசைந்தது. போஸ்ட்கிரெஸ் எனும் மற்றொரு திறந்த மூலத் தரவுத்தளம் ஈடாக நிற்கவல்லது என்பதும், கிளைப் பதிப்புகள் தோன்ற இடமுண்டு என்பதும் அம்முடிவுக்குக் காட்டப்பட்ட காரணங்களுட் சில. அடுத்த வாரமே விற்பனை நிறைவேறியது.

பின்னர் நிகழ்ந்தவை இரு கட்சியாரையும் முற்றாக மெய்ப்பிக்கவுமில்லை; முற்றாகப் பொய்ப்பிக்கவுமில்லை. ஒரக்கிள் அத் தரவுத்தளத்தைக் கைவிடவில்லை. 2010இல் 5.5 என்னும் பதிப்பும், 2013இல் 5.6 என்னும் பதிப்பும், 2015இல் 5.7 என்னும் பதிப்பும், 2018இல் 8.0 என்னும் பதிப்பும் வெளிவந்தன. அவை முன்னையவற்றிலும் திறமையானவை என்பதை எதிர்த்தோரும் மறுக்கவில்லை. ஆயினும் வெளியாரோடு பழகும் முறை மாறியது. திருத்தங்களைச் சோதிக்க உதவும் நிரல்களிற் சில 2012 அளவில் வெளியிடப்படாமல் நின்றன. பாதுகாப்புக் குறைகளைப் பற்றிய விளக்கங்கள் சுருங்கின. உரிமத்தின் எழுத்து மீறப்படவில்லை. ஆனால் நம்பிக்கை தேய்ந்தது. 2013ஆம் ஆண்டில் விக்கிப்பீடியா தன் தரவுத்தளத்தை மரியா டி.பி.க்கு மாற்றிக்கொண்டது. விலையின்றி வழங்கப்படும் இயக்கத்தொகுதிகள் பலவும் அவ்வழியே சென்றன.

சன்னிடமிருந்து ஒரக்கிள் பெற்ற ஏனைய திறந்த மூலப் பொருள்களின் கதையும் இதனையே உணர்த்துகின்றது. ஓப்பின் ஒபிஸை எழுதி வந்தோருட் பலர் 2010ஆம் ஆண்டு செப்டெம்பரில் விலகி, தமக்கென ஓர் அறநிலையத்தை அமைத்து, லிப்ரே ஒபிஸ் என்னும் பெயரிற் புதுக் கிளையை வளர்த்தனர். அடுத்த ஆண்டு ஒரக்கிள் பழைய பெயரையும் நிரலையும் அப்பாச்சி அறநிலையத்துக்கு ஒப்படைத்துவிட்டது. நிரலெழுதுவோர் தம் வேலையை ஒழுங்காகச் சோதிக்கப் பயன்படுத்திய ஹட்சன் என்னும் கருவியை ஆக்கியவர் கவாகுச்சி என்னும் யப்பானியர். அக்கருவியின் பெயர் யாருக்குரியது என்னும் பிணக்கு எழுந்தபோது, அதனைப் பயன்படுத்தியவரும் எழுதியவரும் 2011ஆம் ஆண்டு சனவரியில் வாக்கெடுத்தனர். பெயரை மாற்றலாம் என்றவர் 214 பேர்; வேண்டாம் என்றவர் 14 பேர். அன்றுமுதல் அக்கருவி ஜெங்கின்ஸ் என்னும் பெயரில் வழங்குகின்றது. ஹட்சன் என்ற பெயர் காலப்போக்கில் வழக்கொழிந்தது. விலை கொடுத்துப் பெற்றது பெயர். விலை கொடுத்தும் பெற முடியாது போனது அப்பெயருக்கு உயிரூட்டிய மக்கள்.

எனினும், கிளைப் பதிப்பு எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று கருதுவது பேதைமையாகும். மரியா டி.பி.யைச் சுற்றியும் ஒரு வணிக நிறுவனம் எழுந்தது. அந்நிறுவனம் 2022ஆம் ஆண்டு திசெம்பரில் நியூயோர்க் பங்குச்சந்தையிற் புகுந்தது. அங்கே அதன் பங்குகளின் விலை மிக வீழ்ந்தது. 2024ஆம் ஆண்டில் கே-ஒன் என்னும் முதலீட்டு நிறுவனம் அதனை வாங்கிக்கொண்டது. விற்பனைக்கு அஞ்சிப் பிரிந்த கிளையின் நிறுவனமும் விற்பனையாயிற்று. ஆனால் விடேனியஸும் அவரைச் சார்ந்தோரும் முன்னெச்சரிக்கையாக ஒரு காரியம் செய்திருந்தனர். 2012ஆம் ஆண்டிலேயே மரியா டி.பி. அறநிலையம் என்னும் தனியமைப்பின் தோற்றத்தை அறிவித்து, நிரலின் பொதுநலத்தைப் பேணும் பொறுப்பை அதனிடம் வைத்தனர். நிறுவனத்தை வாங்கியவர் அவ்வறநிலையத்தை வாங்கவில்லை. முதல் விற்பனையிற் கற்ற பாடம் இரண்டாவது விற்பனையிற் பயன்பட்டது.

இலங்கைக்கும் இக்கதைக்கும் உள்ள தொடர்பு சிறிதன்று. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரையோரங்களை அழித்தபோது, காணாமற் போனோரையும் முகாம்களையும் உதவிப் பொருள்களையும் பதிந்து காக்க வேண்டிய அவசரம் எழுந்தது. இந்நாட்டு மென்பொருள் வல்லுநர் தொண்டர்களாகத் திரண்டு சகன என்னும் மென்பொருளை ஆக்கினர். அது எழுப்பப்பட்ட அத்திவாரங்களுள் ஒன்று மை எஸ்.கியூ.எல். எவரிடமும் விலை கேட்டுக் காத்திராமல், எவரிடமும் அனுமதி வேண்டாமல், கையிற் கிடைத்த பொதுக் கருவிகளைக் கொண்டு அவர்களால் வேலை தொடங்க முடிந்தது. அம்மென்பொருளும் திறந்த மூலமாகவே வெளியிடப்பட்டுப் பிற நாடுகளின் அனர்த்தங்களிலும் பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்குரிய சமூக நலப் பணி விருதை ஸ்டால்மனின் கட்டற்ற மென்பொருள் அறநிலையம் அதற்கு வழங்கியது. பொதுவுரிமை என்பது செல்வ நாடுகளின் சட்டத்தரணிகள் வாதாடும் பொருள் மட்டுமன்று. வறிய நாட்டின் அவசர வேளையிற் கைகொடுக்கும் பொருளுமாகும் என்பதற்கு இதனிலும் சான்று வேண்டுவதில்லை.

இப்பொழுது இந்நாடும் விற்கும் பக்கத்திலே நிற்கத் தொடங்கியிருக்கின்றது. சஞ்சீவ வீரவரன முதலியோர் 2005ஆம் ஆண்டில் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.டூ என்னும் நிறுவனம், பல்வேறு கணினித் தொகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கருவிகளைத் திறந்த மூலமாக வெளியிட்டு வளர்ந்தது. கொழும்பிலே பெருந்தொகையான பொறியியலாளருக்கு அது வேலை கொடுத்தது. சுவீடனைத் தலைமையிடமாகக் கொண்ட ஈ.கியூ.டி. என்னும் முதலீட்டு நிறுவனம் அதனை வாங்கும் உடன்பாடு 2024ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. சுவீடனிற் பிறந்த நிறுவனம் அமெரிக்கர் கைக்குப் போனது முன்னைய கதை. இலங்கையர் தொடங்கிய நிறுவனம் சுவீடனாரின் கைக்குப் போனது பின்னைய கதை. இரண்டிலும் எழும் கேள்வி ஒன்றே.

அக்கேள்விக்கு இவ்வரலாறு தரும் விடையைத் தொகுத்துக் கூறலாம். திறந்த மூல நிறுவனம் ஒன்று விற்கப்படும்போது, வெளியிடப்பட்ட நிரலின்மேல் மக்களுக்குள்ள உரிமை விற்கப்படுவதில்லை. அதனை விற்க எவராலும் இயலாது. விற்கப்படுவன பெயரும், பதிப்புரிமையும், பணியாளரின் அன்றாட உழைப்பும், அடுத்த ஆண்டு எது செய்யப்படும் என்று முடிவுசெய்யும் அதிகாரமுமே. ஆதலின் ஒரு திணைக்களமோ, வைத்தியசாலையோ, பல்கலைக்கழகமோ இத்தகைய மென்பொருளை ஏற்கும்போது, இது இலவசமா என்று கேட்பதோடு அமைதல் போதாது. இதன் பதிப்புரிமை ஒரு கையில் உள்ளதா, பலர் கையில் உள்ளதா? இதனைப் பேண, விற்கப்படாத அறநிலையம் உண்டா? நிறுவனம் நாளை மறைந்தால், மூலநிரலைப் படித்துத் திருத்தவல்லார் நம்மிடையே எத்தனை பேர் உளர்? இம்மூன்று வினாவும் கேட்கப்படல் வேண்டும்.

மூன்றாவது வினாவே முதன்மையானது. விடேனியஸுக்குப் பொது உரிமம் பயன்பட்டதற்குக் காரணம், அந்நிரலைத் தொடர்ந்து எழுதும் ஆற்றல் அவரிடமும் அவருடைய தோழரிடமும் இருந்தமையே. அதே உரிமம் உலகில் உள்ள அனைவருக்கும் வழங்கப்பட்டிருந்தது. அதனைப் பிடித்து எழுந்து நின்றவர், கற்றிருந்தவர் மட்டுமே. படிக்கத் தெரியாதவன் கையிற் கொடுத்த உறுதி அவனுக்குக் காணியைக் காட்டாது. நம் பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் மாணவர், ஆயத்தமான மென்பொருளை இயக்கப் பழகுவதோடு நில்லாது, மூலநிரலைப் படிக்கவும் பிழை காணவும் திருத்தவும் பழகுவாராயின், எந்த நிறுவனம் எவர் கைக்கு மாறினும் அவர்கள் கலங்க வேண்டியதில்லை. கிணற்றுப் பங்கு ஏற்கெனவே அவர்களுடையது. தூர் வாரும் தொழிலைக் கற்பிப்பதே எஞ்சி நிற்கும் கடமை.